சாக்கில் 20 சதவீதம், கேனில் பால் குறைவு: தீவனப் புரதக் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிப்பது

பாலக்காட்டின் தமிழக எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தீவனத்துக்குப் பஞ்சமில்லை. கேரளப் பால் கூட்டுறவான மில்மா மலம்புழா ஆலையில் அரைக்கும் தீவனம் பால் சங்கத்திலேயே கிடைக்கும். பொள்ளாச்சிப் பக்கமிருந்து புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை வந்துகொண்டே இருக்கும். இரண்டு மாநிலத்துக் கம்பெனிச் சாக்குகளும் ஒரே கடை வாசலில் அடுக்கியிருக்கும். கடைக்காரரிடம் கேட்கிற முதல் கேள்வி, "புரோட்டீன் எவ்வளவுங்க?" பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு என்று பதில் வரும். பெரிய எண் உள்ள சாக்கு வண்டியில் ஏறும். பத்து நாள் கழித்துப் பால் ஏறவில்லை என்றால் தீவனம் சரியில்லை என்று அடுத்த கம்பெனிக்குப் போவார்கள்.

என் அனுபவத்தில் இப்படி மாற்றுவதில் பாதிக்கு மேல் வீண். புரதம் சாக்கில் எத்தனை சதவீதம் என்பதைவிட, மாட்டின் வயிற்றுக்குள் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் போகிறது, அதோடு மாவுச்சத்து போகிறதா என்பதுதான் பாலைத் தீர்மானிக்கிறது. அறிகுறிகளுக்குப் போகுமுன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுவோம். பின்னால் எல்லா இடத்திலும் இது தேவைப்படும்.

நானூறு கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு உடம்பைக் காப்பாற்ற மட்டும் ஒரு நாளைக்கு 300 முதல் 350 கிராம் புரதம் வேண்டும். அதற்கு மேல், நாலு சதவீதக் கொழுப்புள்ள பால் ஒரு லிட்டருக்குச் சுமார் 90 கிராம். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு மொத்தம் 1,200 முதல் 1,250 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி தொட்டியில் போடுவதைப் பார்ப்போம். 20 சதவீதப் பெல்லட் (குச்சித் தீவனம்) நாலு கிலோ: 800 கிராம். வைக்கோல் ஆறு கிலோ: கிலோவுக்கு 35 கிராம் வீதம் 210. பச்சைக் கோ-4 புல் பதினைந்து கிலோ: பச்சைப் புல்லில் எண்பது சதவீதம் தண்ணீர் என்பதால் கிலோவுக்கு 18 கிராம்தான், ஆக 270. மொத்தம் 1,280. போதும். அதே மாட்டுக்குப் புல் இல்லாத சித்திரை மாதத்தில் எட்டுக் கிலோ வைக்கோல் மட்டும் போட்டால் 800 கூட்டல் 280, மொத்தம் 1,080. நூற்றைம்பது கிராம் குறைகிறது. சாக்கு மாறவில்லை, சதவீதம் மாறவில்லை, பால் மட்டும் குறையும். கடலைப் புண்ணாக்கு அரைக்கிலோ சேர்த்தால் 200 கிராமுக்கு மேல் வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அறிகுறி: தீவனம் மாற்றினேன், பால் இறங்கிவிட்டது

முதலில் தராசை எடுங்கள். பெயின்ட் டப்பாவில் மொண்டு போடுகிற பழக்கம் நம் ஊரில் எல்லாக் கட்டுத்தரையிலும் உண்டு. இரண்டு லிட்டர் டப்பாவில் பெல்லட் ஒன்றேகால் கிலோ பிடிக்கும். அதே டப்பாவில் கோதுமைத் தவிடு அரைக்கிலோ சொச்சம்தான். பெல்லட்டிலிருந்து தூள் தீவனத்துக்கு மாறி, "அதே ரெண்டு டப்பாதான் போடறனுங்க" என்றால், மாடு உண்மையில் அரைப் பட்டினி கிடக்கிறது. இதற்குப் புரதச் சதவீதத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

எடை சரியாக இருந்தால், எத்தனை நாளில் மாற்றினீர்கள் என்று பாருங்கள். மாட்டின் பெருவயிற்றில் தீவனத்தை உடைத்துத் தருபவை நுண்ணுயிர்கள். புதுத் தீவனத்துக்கு அவை பழக பத்து நாளாவது ஆகும். முதல் மூன்று நாள் கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, அப்புறம் முக்கால் என்று ஏற்றிப் போங்கள். ஒரே நாளில் மாற்றிவிட்டு, நாலாம் நாள் பால் குறைந்ததும் பழைய தீவனத்துக்கே திரும்பினால் இரண்டு தடவை குழப்பம். கடைக்காரருக்கு மட்டும் இரண்டு தடவை லாபம்.

அறிகுறி: கொழுப்பு இருக்கிறது, எஸ்என்எஃப் விழுகிறது

சங்கத்தில் மிக அதிகம் கேட்கிற புலம்பல் இதுதான். பசும்பாலுக்குக் கொழுப்பு 3.2, கொழுப்பு இல்லாத திடப்பொருள், அதாவது எஸ்என்எஃப், 8.3 சதவீதம் வேண்டும். கொழுப்பு 4 காட்டும், எஸ்என்எஃப் 7.9-ல் நிற்கும். விலை இறங்கும். உடனே வீட்டுக்குப் போய்ப் புண்ணாக்கைக் கூட்டுவார்கள். பாலில் புரதம் குறைவு, ஆகவே தீவனத்தில் புரதம் குறைவு என்று நினைப்பது இயல்புதான். ஆனால் பல வேளை தீவனத்தில் குறைவது மாவுச்சத்து.

பெருவயிற்று நுண்ணுயிர்கள் தீவனப் புரதத்தின் பெரும்பகுதியை அம்மோனியா வரைக்கும் உடைத்து, அதிலிருந்து தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்ளும். அந்த நுண்ணுயிர்களே பின்னால் செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன. இந்த வேலைக்கு அவற்றுக்குச் சக்தி வேண்டும். மக்காச்சோளம், கம்பு மாவு, மரவள்ளித் திப்பி போன்றவை அதைத் தரும். புண்ணாக்கு மட்டும் போய் மாவு போகாவிட்டால், உடைந்த அம்மோனியா பயன்படாமல் இரத்தத்துக்குப் போய், கல்லீரலில் யூரியாவாகி, மூத்திரத்தில் போய்விடும். கடலைப் புண்ணாக்குக்குக் கொடுத்த காசு கட்டுத்தரைச் சாக்கடையில் ஓடுகிறது என்று பொருள்.

ஆகவே எஸ்என்எஃப் விழுந்தால் வரிசையாகப் பாருங்கள்.

மடிநோய் இருக்கிறதா? வெளியில் வீக்கமே தெரியாத மடிநோயில் பாலின் சர்க்கரையும் கேசின் என்ற புரதமும் குறையும், எஸ்என்எஃப் விழும். நாலு காம்பில் ஒரு காம்புப் பால் மட்டும் லேசாக உப்புக் கரித்தால் சந்தேகம் கொள்ளுங்கள். மடிநோய்ச் சோதனைத் திரவத்தைக் கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். இது தீவனத்தால் தீராத கோளாறு. எட்டுக்குக் கீழே, ஏழரை வரைக்கும் இறங்கிய எஸ்என்எஃப்புக்கு என்னுடைய முதல் சந்தேகம் எப்போதும் மடிதான்.

எண்ணெய் அதிகமாகிறதா? முழுப் பருத்திக்கொட்டையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். செக்குத் தேங்காய்ப் புண்ணாக்கிலும் எண்ணெய் தங்கியிருக்கும். நம் பக்கம் தென்னந்தோப்பு சூழ்ந்த ஊர்கள் என்பதால் தேங்காய்ப் புண்ணாக்கைக் கை தாராளமாகப் போடும். எண்ணெய் மிகுந்த தீவனம் கொழுப்பு ரீடிங்கைச் சில வேளை தூக்கும், பால்புரதத்தைக் கொஞ்சம் கீழே இழுக்கும். அதிகம் போனால் நார் செரிப்பதும் கெடும். கொழுப்பு ஏறி எஸ்என்எஃப் இறங்கிய கதை பல வீடுகளில் இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டும் இல்லையென்றால் மாவைக் கூட்டுங்கள். ஒரு கிலோ மக்காச்சோள மாவு, இரண்டு வேளையாகப் பிரித்து, ஒரு வாரத்தில் மெல்ல ஏற்றி. ஒரே நாளில் மூன்று கிலோ கஞ்சி காய்ச்சி ஊற்றினால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும். தீவனத்தை மட்டும் சரிசெய்து பால்புரதத்தை ஏற்றுவதற்கு எல்லை உண்டு. புள்ளி ஒன்று, இரண்டு ஏறினால் அதுவே நல்ல பலன். ஒரே வாரத்தில் 7.8-ஐ 8.5 ஆக்கித் தருகிறேன் என்று பொடி விற்பவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. கறந்த சூட்டோடு, நுரையோடு, பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டால் ரீடிங் குறைத்துத்தான் காட்டும். கொஞ்சம் ஆறவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: வைக்கோலை மிச்சம் வைக்கிறது, சாணம் கட்டியாகப் போடுகிறது

உண்மையான புரதக் குறைவுக்கு இதுதான் நம்பகமான அடையாளம். சாணம் வறண்டு, வரிவரியாக அடுக்கு வைத்து விழும். உடைத்துப் பார்த்தால் செரிக்காத வைக்கோல் துண்டுகள் நீளமாகவே தெரியும். முடி மங்கும். மாடு பசியோடு இருப்பதுபோல் இருக்கும், ஆனால் வைக்கோலைத் தொடாது.

மொத்தத் தீனியில் புரதம் சுமார் ஏழு சதவீதத்துக்குக் கீழே போனால் பெருவயிற்று நுண்ணுயிர்கள் பெருகாது. அவை இல்லாமல் நார் உடையாது. நார் உடையாவிட்டால் வயிறு காலியாகாது, மாடு மேற்கொண்டு தின்னாது. வைக்கோலில் மூன்றரை சதவீதம்தான் புரதம், சோளத்தட்டில் அதைவிடக் கொஞ்சம் கூட. வற்றுக் கறவைக்கும் கிடாரிக்கும் "பால்தான் இல்லையே" என்று தட்டு மட்டும் போடுகிற வீடுகளில் இது சர்வசாதாரணம்.

இதற்கு விலையுயர்ந்த சாக்கு வேண்டாம். கொழிஞ்சாம்பாறைக் கருமண்ணில் நிலக்கடலை போடுகிறவர்கள் கடலைக்கொடியைப் பக்குவமாகக் காயவைத்து, மழை படாமல் போர் போட்டால் வைக்கோலைப்போல் இரண்டு மூன்று மடங்கு புரதம் அதில் இருக்கிறது. இலை உதிராமல் காயவைப்பது முக்கியம், புரதம் இலையில்தான். வேலியோரம் அகத்தி, கிளைரிசிடியா இருந்தால் தினம் நாலைந்து கிலோ தழை ஒடித்துப் போடலாம்.

வைக்கோல் மட்டுமே கிடைக்கும் என்றால் அதை யூரியாக் கரைசல் தெளித்துப் பதப்படுத்தலாம். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவை ஐம்பது லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விடுங்கள். பிரித்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி வரும். தேவையானதை மட்டும் எடுத்து, ஒரு மணி நேரம் காற்றாட விட்டுப் போடுங்கள். வைக்கோலின் புரதம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், மென்மையாகவும் ஆகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இது கூடவே கூடாது. அதன் பெருவயிறு இன்னும் தயாராகவில்லை.

அறிகுறி: சாணம் இளகி ஓடுகிறது, கட்டுத்தரையில் மூக்கைத் துளைக்கும் நெடி

இது மறுபக்கம், புரதம் கூடிப்போனது. காலையில் கட்டுத்தரைக் கதவைத் திறந்ததும் அம்மோனியா அடித்தால், புண்ணாக்குக் கணக்கைக் குறைத்துப் பாருங்கள். 22 சதவீதப் பெல்லட்டும், அதன்மேல் ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கும், வேலிமசாலும் அகத்தியும் என்று எல்லாம் ஒன்றாகச் சேரும்போது இப்படி ஆகும். பூச்சி மருந்து கொடுத்தும் நிற்காத கழிச்சல் புண்ணாக்கைப் பாதியாக்கியதும் நிற்பதைப் பார்க்கலாம்.

பருவத்துக்கு ஒழுங்காக வந்தும் ஊசி பலமுறை போட்டும் சினை நிற்காத மாடுகளிலும் இதைக் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் யூரியா ஏறினால் கருப்பையின் சூழல் கெடும். நூறு மில்லி பாலில் யூரியா நைட்ரஜன் 20 மில்லிகிராமைத் தாண்டினால் சினை பிடிப்பது குறையும். ஆனால் சினை நிற்காததற்குத் தாது உப்புக் குறைவு, கருப்பைப் புண், ஊசி போடும் நேரம் தவறுவது என்று வேறு காரணங்களே அதிகம். புரதத்தை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு டாக்டரைக் கூப்பிடாமல் இருக்காதீர்கள்.

அறிகுறி: கன்று போட்டபின் பால் நன்றாக வருகிறது, மாடு எலும்பாகிறது

புரதம் போதும், சக்தி போதவில்லை. உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் கறக்கிறது. இந்த நிலையில் புண்ணாக்கைக் கூட்டினால் பால் இன்னும் கொஞ்சம் ஏறும், மாடு இன்னும் மெலியும். மக்காச்சோளம், நல்ல புல், தேவைப்பட்டால் கொஞ்சம் பருத்திக்கொட்டை என்று சக்தியைக் கூட்டுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வெயிலில் பங்குனி, சித்திரையில் மாடு தீனியைக் குறைத்துவிடும். அப்போது அதிகாலையிலும் இரவிலும் தீவனம், தொட்டியில் எந்நேரமும் தண்ணீர். தண்ணீர் போதாத மாட்டுக்கு எந்தச் சதவீதமும் உதவாது.

அறிகுறி: சாக்கில் 20 என்கிறது, மாட்டில் தெரியவில்லை

கணக்கு சரி, எடை சரி, மடி சரி, மாவும் போகிறது. அப்புறமும் வைக்கோல் மிச்சம், சாணம் கட்டி என்றால் சாக்கைச் சந்தேகிக்கலாம்.

சாக்கில் உள்ள எண் கச்சாப் புரதம். ஆய்வகம் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. தீவனத்தை அமிலத்தில் வேகவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் ஜோஹன் கெல்டால் கண்டுபிடித்த முறை இது. பார்லியில் உள்ள புரதத்தை அறியத்தான் அவர் இதைச் செய்தார். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்த முறை கேட்பதில்லை, ஓட்டை அங்கேதான். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 6.25-ஆல் பெருக்கினால் 287. நூறு கிலோத் தீவனத்தில் ஒரு கிலோ யூரியா போட்டால் தாளில் கிட்டத்தட்ட மூன்று சதவீதம் ஏறிவிடும். பதினேழு இருபதாகும்.

ஒரு சதவீதம் வரை யூரியா பெரிய மாட்டுக்கு விஷமில்லை, மாவோடு சேர்ந்தால் பயன்படவும் செய்யும். நமக்குப் பிரச்சினை, புண்ணாக்கு விலை கொடுத்து யூரியா வாங்குவதுதான். செக்கில் கருகிய புண்ணாக்கும் இப்படியே: கருகிய புரதம் சோதனையில் எண்ணாக வரும், மாட்டின் வயிற்றில் செரிக்காமல் சாணத்தோடு போகும். வெளிர் நிறத்தில் உடையும் கடலைப் புண்ணாக்கையும், கரும்பழுப்பாக, கருகல் வாடையோடு இருப்பதையும் கையில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

வீட்டுச் சோதனை: இரண்டு கரண்டித் தீவனத்தை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கால்மணி நேரம் வையுங்கள். அடியில் மணல் தங்கினால், மேலே உமி மிதந்தால் கண்ணுக்கே தெரியும். தெளிந்த நீரைத் துணியில் வடித்து, வறுக்காத சோயா மாவு ஒரு கரண்டி போட்டு மூடுங்கள். பச்சைச் சோயாவில் யூரியாவை அம்மோனியாவாக்கும் நொதி இருக்கிறது, வறுத்த மாவில் அது செத்திருக்கும். பத்து நிமிடத்தில் அம்மோனியா வாடை வந்தால், சிவப்பு லிட்மஸ் நீலமானால், யூரியா இருக்கிறது. எவ்வளவு என்பதை இது சொல்லாது.

அதற்கு ஆய்வகம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம், கேரளப் பக்கம் என்றால் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. ஒரு சாக்கின் மேல்வாயில் ஒரு கை அள்ளி அனுப்பாதீர்கள். நாலைந்து சாக்கில், மேலும் நடுவும் அடியும் எடுத்து, தாளில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை வைத்து மறுபடி கலந்து, கடைசியில் அரைக்கிலோவை ஈரம் புகாத பையில் கட்டி அனுப்புங்கள். கச்சாப் புரதத்தோடு யூரியா, ஈரப்பதம், கச்சா நார், மணல் சாம்பல் நாலையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 2052-இல் முதல்வகைத் தீவனத்துக்கு 22, இரண்டாம் வகைக்கு 20 என்பதுதான் நெடுநாள் புரத வரம்பு, ஈரப்பதம் 11-க்கு மிகக்கூடாது. புரதம் சரியாக இருந்து நார் 15 என்று வந்தால், அந்தத் தீவனத்துக்கு உள்ளே உமி புகுந்திருக்கிறது.

ஈரப்பதக் கணக்கு தெரியாவிட்டால் பீர் வேஸ்ட் வாங்கும்போதும் ஏமாறலாம். காய்ந்த கணக்கில் 22 முதல் 25 சதவீதம் புரதம் என்பார்கள், பொய்யில்லை. ஆனால் டெம்போவில் வருவது ஈரமாக வருகிறது. நூறு கிலோவில் எழுபத்தைந்து, எண்பது கிலோ தண்ணீர். கையில் கிடைக்கும் புரதம் ஐந்தாறு கிலோ. தண்ணீரில் வளர்க்கும் அசோலாப் பாசியும் அப்படித்தான்: பச்சையாக ஒரு கிலோ போட்டால் பதினைந்து கிராம் புரதம்கூடத் தேறுவது கஷ்டம். தீவனத்துக்கு மாற்று அசோலா என்று சொல்பவர்கள் தராசை மறந்தவர்கள்.

உடனடி ஆபத்து: தீவனம் தின்ற அரைமணியில் உடல் நடுக்கம், நுரை, வயிறு உப்புசம்

யூரியா கட்டியாக உள்ளே போயிருக்கலாம், அல்லது உரச் சாக்கை மாடு நக்கியிருக்கலாம். சோதனை எதுவும் வேண்டாம், முதலில் டாக்டருக்குப் போன். அவர் வரும்வரை என்ன செய்யலாம் என்று போனிலேயே கேளுங்கள். குளிர்ந்த நீரும் வினிகரும் ஊற்றச் சொல்வது வழக்கம், ஆனால் தடுமாறிச் சாய்ந்த மாட்டின் வாயில் எதையும் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

அறிகுறி: புண்ணாக்கில் பூஞ்சை, மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறது

ஆடி மழையில் கணவாய்ச் சாரல் அடிக்கும்போது சுவரோரம் தரையில் வைத்த சாக்குகளில் இது வரும். புரதம் அப்படியே இருக்கலாம், ஆனால் கடலை, தேங்காய், பருத்திப் புண்ணாக்குகளில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடும். தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1-க்கு வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். மாடு தின்றதில் ஒரு பகுதி பாலிலும் எம்1 என்ற வடிவில் வரும், பாலுக்குள்ள வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். காய்ச்சினாலும் போகாது. சாக்கைப் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். பூஞ்சை பிடித்ததை வெயிலில் காயவைத்து, நல்லதோடு கலந்து போடும் சிக்கனம் வேண்டாம். தென்னை மரத்தடியில் வெட்டிப் புதைத்துவிடுங்கள், கோழியும் ஆடும் கிளறாத ஆழத்தில்.